பூரே சிரித்த சிரிப்பு

அறிவு மிகும் இடத்தில் இறைநம்பிக்கை குறையும் என்னும் கருத்து இன்று ஆராய்ச்சியின் முத்திரையோடு உலவுகிறது. அமெரிக்க உளவியலாளர் மூவர் 2013ஆம் ஆண்டில், அதற்கு முன்னர் நடத்தப்பெற்ற 63 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அறிவுத்திறன் தேர்வுகளில் மிகுந்த மதிப்பெண் பெறுவோரிடம் சமயப்பற்று சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவை எடுத்தாள்வோர் பலர். அதன் அளவை எடுத்துரைப்போர் சிலரே. அவர்கள் கண்ட தொடர்பு கழித்தல் 0.2-க்கும் 0.25-க்கும் இடைப்பட்டது. மனிதர்க்கு மனிதர் சமயப்பற்றில் காணப்படும் வேறுபாட்டில், ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை மட்டுமே இத்தகைய தொடர்பு அறிவுத்திறனோடு இணைக்க இயலும். எஞ்சியவற்றை வேறெங்கோதான் தேட வேண்டும்.

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவது வழக்கம். பாஸ்கல் நம்பினார், மரபியலின் தந்தை மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி, பேரண்டம் விரிவடைகிறது என்று கணக்கிட்ட லெமேத்தர் ஒரு குரு. நாமும் மேடைகளில் இப்பட்டியலை ஒப்புவித்ததுண்டு. அதில் பொய் ஏதுமில்லை. ஆயினும், நம்பிக்கைக்கு மேதைகளின் நற்சான்றிதழ் வேண்டும் என்பதை எதிராளியோடு சேர்ந்து நாமும் ஒப்புக்கொள்ளும் பட்டியல் அது. மேதையல்லாதவரின் நம்பிக்கை என்னாவது? கோயிலின் பின்வரிசையில் அமர்ந்து, மறையுரையில் பாதி விளங்காமல், விளங்காததைப் பற்றிக் கவலையும் கொள்ளாமல் செபமாலை உருட்டும் அந்தப் பெண்மணியின் நம்பிக்கையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இக்கேள்வியை நாம் அறிந்த நூல்களுள் மிகக் கூர்மையாக எழுப்புவது, நம்பிக்கையற்ற ஒருவர் எழுதிய கதை என்பது வியப்புக்குரியது. பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர் 1877இல் வெளியிட்ட 'மூன்று கதைகள்' என்னும் நூலின் முதற்கதை அது. 'ஓர் எளிய உள்ளம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஃப்ளோபேர் திருச்சபையின் நண்பர் என்று எவரும் கூறார். அவருடைய 'மதாம் பொவாரி' பொது ஒழுக்கத்துக்கும் சமய ஒழுக்கத்துக்கும் ஊறு செய்கிறது என்று 1857இல் வழக்குத் தொடரப்பட்டது, அவர் விடுவிக்கப்பட்டார். அறிவாளிகளையும் அவர் நம்பவில்லை. உலகிலுள்ள கலைகளையெல்லாம் நூல்களிலிருந்து கற்றுக் கற்று ஒவ்வொன்றிலும் இடறி விழும் எழுத்தர் இருவரைப் பற்றிய நாவலை இடையில் நிறுத்திவிட்டுத்தான் இம்மூன்று கதைகளையும் எழுதினார். இக்கதையைத் தம் தோழியாகிய எழுத்தாளர் ஜார்ஜ் சாந்துக்காகவே தொடங்கினார். அது முடியுமுன் 1876 ஜூன் மாதத்தில் அவ்வம்மையார் காலமானார்.

கதை எளியது. நார்மண்டியில் போன்-லெவேக் என்னும் சிற்றூர். ஓபேன் அம்மையார் என்னும் கைம்பெண்ணின் வீட்டில் ஃபெலிசித்தே என்னும் பணிப்பெண் ஐம்பது ஆண்டுகள் உழைக்கிறாள். ஆண்டுக் கூலி நூறு பிராங்க். சமைப்பதும், துவைப்பதும், தைப்பதும், குதிரைக்குச் சேணம் பூட்டுவதும் அவள் வேலை. இளமையில் ஒருவன் அவளை ஏமாற்றிவிட்டுச் செல்வமுள்ள கிழவி ஒருத்தியை மணந்துகொள்கிறான். எசமானியின் மகள் விர்ஜினியை அவள் தன் மகளாகவே நேசிக்கிறாள். அச்சிறுமி கன்னியர் மடத்துப் பள்ளியில் நோயுற்று இறக்கிறாள். மாலுமியாய்ப் போன அக்காள் மகன் விக்தோர் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலால் மடிகிறான். பின்னர், ஊரை விட்டு மாற்றலாகிச் செல்லும் அதிகாரி ஒருவரின் குடும்பம் விட்டுச்சென்ற லூலூ என்னும் கிளி அவளுக்குத் துணையாகிறது. கிளியும் சாகிறது, அதன் தோலுக்குள் பஞ்சடைத்து உருவம் கெடாமல் செய்வித்துத் தன் அறையில் வைத்துக்கொள்கிறாள். முதுமையில் காது கேளாமற்போய், கண்ணும் மங்கி, நற்கருணைப் பெருவிழாப் பவனி வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும் நேரத்தில் உயிர் விடுகிறாள். இவ்வளவுதான்.

இதில் 'அறிவு' என்னும் சொல்லை ஆசிரியர் வெளிப்படையாகவே கையாளும் ஓரிடம் உண்டு. எம் திறனாய்வு அவ்விடத்தைச் சுற்றியே நிற்கப் போகிறது.

விக்தோர் ஹவானாவில் இருக்கிறான் என்று தெரிந்ததும், அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அறிய ஃபெலிசித்தே பூரே என்பவரிடம் செல்கிறாள். பூரே முன்னாள் வழக்குரைஞர். எசமானியின் சொத்துகளை மேற்பார்க்கும் கற்றவர். அவர் நிலப்படத் தொகுப்பை எடுத்து விரித்துத் தீர்க்கரேகைகளை விளக்கத் தொடங்குகிறார். அவள் திகைப்பதைக் கண்டு புலமைச் செருக்கோடு புன்னகைக்கிறார். கடைசியில் பென்சிலால் ஒரு சிறு கரும்புள்ளியைக் காட்டுகிறார். அவள் குனிந்து பார்க்கிறாள். வண்ணக் கோடுகளின் வலைப்பின்னலால் கண்தான் வலிக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. என்ன வேண்டும் என்று பூரே கேட்க, விக்தோர் தங்கியிருக்கும் வீட்டைக் காட்டும்படி வேண்டுகிறாள். பூரே இரு கைகளையும் உயர்த்தித் தும்மி, வீடதிரச் சிரிக்கிறார். இத்தகைய வெகுளித்தனம் அவருக்குப் பேரின்பம். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவு குறுகியது அவள் அறிவு என்று கதையின் குரல் ஒரு வியப்புக்குறியோடு சொல்லி நிறுத்துகிறது.

அப்படிச் சொல்வது யார்? கதை சொல்லும் ஆசிரியரா? அல்லது சிரித்துக்கொண்டிருக்கும் பூரேயின் எண்ணத்தை ஆசிரியர் தம் வாக்கியத்துக்குள் நுழையவிட்டிருக்கிறாரா? பாத்திரத்தின் எண்ணத்தை மேற்கோள் குறியின்றி ஆசிரியர் கூற்றோடு கலந்துவிடும் நடையில் ஃப்ளோபேர் பெயர்பெற்றவர் என்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். அவ்வாக்கியத்தை ஆசிரியர் கூற்றாகக் கொண்டால் தீர்ப்பு அவருடையது. பூரேயின் எண்ணமாகக் கொண்டால் தீர்ப்பு திரும்பிவந்து பூரேயின் மீதே விழுகிறது. எப்படிக் கொண்டாலும் அவளுக்கு நிலப்படம் விளங்கவில்லை என்பது மட்டும் மாறாது. எளிய பணிப்பெண்ணுக்குள் மறைந்திருந்த மேதையை ஃப்ளோபேர் கண்டெடுத்துக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் இது மலிவான கதையாகியிருக்கும்.

எம் பங்கின் சிறு வாசகர் வட்டத்தில் இக்கதையைப் படித்தபோது, இவ்விடத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் உரக்கச் சிரித்தார். நாமும் சிரித்தோம். பக்கம் திருப்பிய பிறகே, யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்பது எமக்கு உறைத்தது.

பூரே பிற்காலத்தில் என்னவானார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். அவர் ஒரு விடுதியில் தற்கொலை செய்துகொள்கிறார். எசமானியின் பணத்தை அவர் கையாடியதும், பொய் இரசீதுகளும், போலி விற்பனைகளும் அதன் பிறகு வெளிவருகின்றன. தீர்க்கரேகை அறிந்தவர், ஐயமில்லை. அந்த வீட்டில் அவரை இனங்கண்டுகொண்டது கிளி ஒன்றே என்று தோன்றும்படி ஃப்ளோபேர் ஒரு குறும்பு செய்கிறார்: பூரேயின் முகத்தைக் காணும்போதெல்லாம் லூலூ சிரிக்கத் தொடங்கிவிடும். அதன் சிரிப்பு முற்றமெங்கும் எதிரொலிக்க, அயலாரும் சேர்ந்து சிரிப்பர். அதற்கு அஞ்சி அவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரமாய் நழுவிச் செல்வார்.

இனி அவளுடைய நம்பிக்கைக்கு வருவோம். சிறுவயதில் அவளுக்கு மறைக்கல்வி கிட்டவில்லை. விர்ஜினியைப் புது நன்மைக்கு ஆயத்தம் செய்யக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, பின்னால் அமர்ந்து கேட்டுக் கேட்டே ஞானோபதேசம் கற்கிறாள். குருவானவர் திருவரலாற்றைச் சுருக்கிச் சொல்லும்போது வெள்ளமும், பாபேல் கோபுரமும், எரியும் நகரங்களும் அவள் கண்முன் நிற்கின்றன. திருப்பாடுகளைக் கேட்டு அழுகிறாள். குழந்தைகளை அணைத்தவரை, மக்களுக்கு உணவளித்தவரை, மாட்டுத் தொழுவத்தில் ஏழைகளிடையே பிறக்க விரும்பியவரை ஏன் சிலுவையில் அறைந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. விதைப்பும், அறுவடையும், ஆலையும் நற்செய்தியில் வருகின்றன. அவையெல்லாம் அவள் அன்றாடம் புழங்கியவை. கடவுள் அவற்றினூடே நடந்து சென்றிருக்கிறார் என்பதால் அவை அவளுக்குப் புனிதமாகின்றன. கோட்பாடுகள் வரும்போதோ அவளுக்கு ஒன்றும் புரிவதில்லை; புரிந்துகொள்ள முயல்வதுமில்லை. குரு பேசுகிறார், பிள்ளைகள் ஒப்புவிக்கின்றனர், அவள் உறங்கிவிடுகிறாள். பிள்ளைகளின் மரக்காலணிகள் கற்றரையில் ஒலிக்கும்போது திடுக்கிட்டு விழிக்கிறாள்.

கர்தினால் நியூமன் 1870இல் வெளியிட்ட 'இசைவின் இலக்கணம்' என்னும் நூலை அறிந்தோர்க்கு இப்பகுதி ஓர் உரைபோலத் தோன்றும். தன் நம்பிக்கைக்குச் சான்று காட்ட இயலாத பாமரர் உறுதியாக நம்புவது முறையா என்பது அந்நூலின் பெருங்கேள்விகளுள் ஒன்று. வெறுங்கருத்துக்கு மனம் தரும் இசைவு வேறு, மெய்ப்பொருளை முன்னிறுத்திப் பார்த்து மனம் தரும் இசைவு வேறு என்று நியூமன் பிரித்துக்காட்டினார். ஃப்ளோபேர் அந்நூலைப் படித்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் உறக்கத்தையும் கண்ணீரையும் ஒரே பெஞ்சில் அமர்த்தி, அவ்விருவகை இசைவையும் அவர் நம் கண்ணெதிரே நிறுத்திவிடுகிறார்.

அவளுக்கு மிகவும் இடர் தந்தவர் தூய ஆவியார். அவர் பறவையாக மட்டுமன்றி நெருப்பாகவும், சில வேளை மூச்சாகவும் இருக்கிறாரே, அவரை எப்படி உருவகிப்பது? சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இரவில் அசையும் ஒளி அவருடையதோ, முகில்களைத் தள்ளும் காற்று அவர் மூச்சோ, மணியோசையை இனிதாக்குவது அவர் குரலோ என்று எண்ணிப் பார்க்கிறாள். ஆண்டுகள் பல கழித்து, இயேசுவின் திருமுழுக்கைக் காட்டும் மலிவான வண்ணப்படம் ஒன்றில் ஆவியாரின் உருவம் லூலூவைப்போல் இருப்பதைக் காண்கிறாள். அப்போது அவள் மனத்தில் ஓடும் சிந்தனை கவனத்துக்குரியது. தந்தையாகிய கடவுள் தம்மை வெளிப்படுத்தப் புறாவைத் தேர்ந்திருக்க முடியாது. அவ்வுயிர்களுக்குக் குரல் இல்லையே. லூலூவின் முன்னோருள் ஒன்றைத்தான் தேர்ந்திருக்க வேண்டும்.

திறனாய்வாளர் பலர் இதைப் பேதைமையின் உச்சம் என்று கடந்துவிடுகின்றனர். பக்தியாளரோ இதைக் குழந்தையுள்ளம் என்று மெச்சிவிட்டு மேலே செல்கின்றனர். இரு சாராரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவள் இங்கே ஒரு வாதம் செய்திருக்கிறாள். ஆவியார் கடவுளின் குரலாய் வருபவர், குரலாய் வருபவருக்குப் பேசும் உயிரே தகுந்த உருவம், புறா பேசாது, ஆகவே புறா அன்று. இது 'தகுதி' பற்றிய வாதம். இறைவன் இன்னவாறு செய்தது ஏன் தகும் என்று வினவி விடை தேடும் இம்முறை இறையியலில் மிகப் பழையது.

அதுமட்டுமன்று. அவளுடைய இதே கேள்வியைத் திருச்சபையின் பேரறிவாளர் ஒருவர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். புனித தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதியில், கிறிஸ்துவின் திருமுழுக்கின்போது தூய ஆவியார் புறா வடிவில் இறங்கியது தகுமா என்று ஒரு தனி வினா எழுப்புகிறார். ஆவியாரின் ஏழு கொடைகளுக்கும் இணையாகப் புறாவின் ஏழு இயல்புகளைக் காட்டுகிறார். நீரோடையருகே வாழ்கிறது, நல்ல தானியத்தையே பொறுக்குகிறது, பிற பறவையின் குஞ்சுகளையும் வளர்க்கிறது, அலகால் கிழிப்பதில்லை, பித்தமற்றது, பாறைப் பிளவில் கூடு கட்டுகிறது என்று அவர் எண்ணிச் செல்கிறார். கடைசி இயல்பு இதுதான்: அதன் பாட்டு ஒரு புலம்பல். தம் பாவத்துக்காகப் புனிதர் அழுவதற்கு அதை அவர் ஒப்பிடுகிறார்.

அப்படியானால் புறாவுக்குக் குரல் உண்டு. விம்முவதுதான் அதன் குரல். ஃபெலிசித்தேக்கு இது சொல்லப்பட்டிருந்தால் அவள் உடனே ஏற்றிருப்பாள் என்றே நாம் நினைக்கிறோம். விம்மலை அவளைவிட நன்கு அறிந்தவர் அவ்வூரில் யார்? பறவையின் பித்தம் பற்றிய அக்குவினாரின் இயற்கையறிவு இன்றைய உயிரியலுக்கு முழுவதும் உடன்பாடன்று. அது வேறு செய்தி. மேதையும் பணிப்பெண்ணும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றனர், ஒரே முறையில் விடை தேடியிருக்கின்றனர். ஒருவருக்கு நூல்களும், ஆசிரியர்களும், வாதிட மாணவர்களும் இருந்தனர். மற்றவளுக்குக் கேட்க ஒரு செவியும் இல்லை. அவளுக்கு விளங்காததெல்லாம் அவளுடைய மூளையின் குறை என்று எழுதிவிட முடியுமா? அவளோடு அமர்ந்து பேசாதவர்களின் கடனும் அதில் கலந்திருக்கிறதே.

இதை எழுதும்போது எம் தாயின் தாயை நினையாதிருக்க முடியவில்லை. எமக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்பித்தவர் அவர், எழுத்தறியாதவர். நாம் மறைக்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வீடு திரும்பிய ஆண்டில், ஆவியானவர் திருநாளுக்கு முந்திய இரவில், "ஒரு நேரம் புறான்னு சொல்றாங்க, ஒரு நேரம் நெருப்புன்னு சொல்றாங்க, புறா நெருப்புல கருகாதா?" என்று கேட்டார். நாம் சிரித்தோம். "அம்மாச்சி, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? செபமாலைய சொல்லிட்டுப் படுங்க" என்றோம். அவரும் சிரித்துக்கொண்டே படுத்துவிட்டார். அவர் மீண்டும் அப்படியொரு கேள்வி கேட்டதாக எமக்கு நினைவில்லை.

பூரேயின் சிரிப்பைவிட அது கொடியதோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. பூரே நிலப்படத்தையாவது விரித்துக் காட்டினார். நாம் எளியோரின் விசுவாசத்தைப் புகழ்ந்து, அப்புகழ்ச்சியாலேயே அவர்களின் கேள்வியை அடைத்துவிடுகிறோம். கடவுளைப் பகுத்தறிவின் ஒளியால் அறியக்கூடும் என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தபோது, பட்டம் பெற்றோரின் பகுத்தறிவு என்று அது வரம்பு கட்டவில்லை. 1998இல் இரண்டாம் யோவான் பவுல் விசுவாசத்தையும் பகுத்தறிவையும் இரு சிறகுகளுக்கு ஒப்பிட்டார். அந்த இரண்டாம் சிறகு கற்றவர்க்கு மட்டும் உரியதுபோலப் பங்குகளில் நாம் நடந்துகொள்கிறோம்.

ஃப்ளோபேரிடமும் எமக்குக் குறையுண்டு. தன் அன்புக்குரியவர் ஒவ்வொருவராய் மறையும்போது அவள் கடவுளை நோக்கி ஒரு சொல்லேனும் முறையிடுவதில்லை. எம் பங்கின் எளிய பெண்கள் அப்படியில்லை. மாதா சுரூபத்தின் முன் நின்று உரிமையோடு சண்டையிடுவார்கள். யோபுவின் நாவு எழுத்தறிந்தோர்க்கு மட்டும் அருளப்பட்டதன்று. இவ்விடத்தில் ஆசிரியர் பூரேயின் பக்கம் சற்றுச் சாய்ந்துவிட்டார் என்பதே எம் எண்ணம்.

ஆனால், அவர் கேலி செய்வதற்காக எழுதினார் என்போர் கூற்றை நாம் ஏற்கவில்லை. இக்கதையில் நகை இல்லை, இது மிகுந்த துயரமும் தீவிரமும் உடையது என்று அவரே 1876இல் ஒரு மடலில் எழுதியிருக்கிறார். ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பஞ்சடைத்த கிளியொன்றை இரவல் வாங்கி, மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதினார் என்பதும் தெரிந்த செய்தி. தாம் நம்பாத ஒன்றைப் பற்றி எழுத, அதை நம்புகிறவள் பார்த்த பொருளையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த உழைப்பை, நம்புகிற எழுத்தாளரிடத்தும் நாம் அரிதாகவே காண்கிறோம்.

கதையில் குருவானவர் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெருவிழாவுக்கு முற்றத்தில் அமைக்கும் பீடத்தில் வைக்கத் தன் லூலூவைக் கொடுக்க ஃபெலிசித்தே விரும்புகிறாள். அயல்வீட்டுப் பெண்கள் அது தகாது என்கின்றனர். குருவோ இசைவு தருகிறார். கோட்பாட்டை விளக்கும்போது அவளை உறங்கவிட்ட அதே திருச்சபை, புழு அரித்த அந்தக் கிளிக்கு இடம் தருகிறது. அவர் அதை விளங்கித்தான் செய்தாரா, கிழவி மகிழட்டும் என்று செய்தாரா என்று ஆசிரியர் சொல்வதில்லை. பீடத்தில் ரோசாக்கள் லூலூவை மூடியிருக்கின்றன. அதன் நீல நெற்றி மட்டும் தெரிகிறது. தூபம் அவள் அறைக்குள் ஏறி வருகிறது. கண்மூடி அதை முகர்ந்து, புன்னகையோடு கடைசி மூச்சை விடும்போது, திறந்த வானில் ஒரு மாபெரும் கிளி தன் தலைமேல் சிறகு விரித்திருப்பதைக் கண்டதாக அவள் எண்ணினாள் என்று கதை முடிகிறது.

'எண்ணினாள்' என்று நாம் எழுதிவிட்டோம். ஆனால் ஃப்ளோபேர் அங்கே இட்ட பிரெஞ்சு வினைச்சொல் 'எண்ணுதல்', 'நம்புதல்' ஆகிய இரண்டுக்கும் உரியது. மனம் மயங்கி அப்படி நினைத்துக்கொண்டாள் என்றும் கொள்ளலாம். விசுவாச அறிக்கையில் நாம் சொல்லும் அதே வினைச்சொல்லால் அவள் நம்பினாள் என்றும் கொள்ளலாம். பிரெஞ்சு வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தமிழில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். வாசகர் வட்டத்துக்காக அக்கடைசிப் பக்கத்தைத் தமிழாக்கி வந்தவர் அன்று சிரித்த அந்த மாணவரே. அவருடைய தாளில் முதலில் 'எண்ணினாள்' என்றிருந்தது. அதை அடித்து 'நம்பினாள்' என்று எழுதியிருந்தார். பிறகு அதையும் அடித்திருந்தார். படிக்கும்போது அவ்விடத்தில் சற்றே நின்றார். நாங்களும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.